ஆரஞ்சு வெள்ளை டாக்ஸிப் பெரியவருக்கு

மஸ்கட்டுக்கு வந்த இரண்டாவது மாதம். புர்ஜ் அல் சஹ்வா ரவுண்டானாவில் ஷேர் டாக்ஸி ஏறி ரூவியில் இறங்கினேன். அறைக்குப் போய்ப் பையைத் தடவினால் பர்ஸ் இல்லை. பத்தாக்கா, அதாவது இங்கே தங்கி வேலை பார்ப்பதற்கான அடையாள அட்டை, அதில்தான். அந்த அட்டை இல்லாமல் ஊருக்குப் பணம்கூட அனுப்ப முடியாது. சம்பளத்தில் வீட்டுக்கு என்று ஒதுக்கிய 70 ரியாலும் அதற்குள்தான். டாக்ஸி நம்பரைக் கவனிக்கவில்லை. அன்று சோறே இறங்கவில்லை.

இரவு பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கீழே லாண்டரி வைத்திருக்கும் மலையாளிச் சேட்டன். பக்கத்தில் வெள்ளை திஷ்தாஷா அங்கியும் பூவேலைக் கும்மாத் தொப்பியுமாக நீங்கள். பர்ஸில் இருந்த லாண்டரிச் சீட்டை ஒவ்வொரு கடையாகக் காட்டி விசாரித்தீர்களாம், அதுவும் வீடு போய்ச் சேர்ந்தபின் சீபிலிருந்து திரும்பி வந்து!

பத்து ரியால் நீட்டினேன். என் விரல்களை மடக்கி, கையை உங்கள் நெஞ்சில் வைத்து, "யா வலதீ" என்றீர்கள். 'என் மகனே' என்று அர்த்தம், சேட்டன்தான் சொன்னார். எனக்கு அப்போது தெரிந்த அரபி 'ஷுக்ரன்' ஒன்றுதான். அதையே நாலைந்து முறை சொன்னேன். பேர் கேட்கத் தோன்றவில்லை.

அப்பா, இப்போது ஓரளவு அரபி பேசுவேன். ஆரஞ்சு வெள்ளை வண்டி எது நின்றாலும் ஓட்டுபவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.