தம்பிக்கு, செக்கானூரணியிலிருந்து அப்பா

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. சின்னவள் விஷயத்தை வைகாசியில் பேசிக்கொள்ளலாம் என்று தல்லாகுளத்தார் சொல்லிவிட்டார்கள். கிணற்று மோட்டார் மாற்றியாயிற்று. மீனாட்சி கோயிலில் கொடி ஏறிவிட்டது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வருவேன் என்று தையில் சொன்னாய். வந்தால் வா, வேலை இருந்தால் பார்த்துக்கொள்.

நீ போன் பண்ணி பத்தொன்பது நாள் ஆகிறது. பங்குனி உத்திரத்தன்று ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டு "சாப்பிட்டீங்களாப்பா" என்றாய். சாப்பிட்டேன் என்றேன். அப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. உன் மூச்சு மட்டும் கேட்டது. "சரிப்பா, வைக்கிறேன்" என்றாய். அன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் கட்டைவிரல்தான் வருகிறது. மாமா ஆஸ்பத்திரியில் சேர்ந்த செய்திக்கும் கட்டைவிரல்தான்.

நன்றாகத் தூங்கு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மருமகள் மேல் கோபப்படாதே. அம்மா துருவித் துருவிக் கேட்டதால்தான் சொன்னாள். நீ பறக்கும்போது போடுகிற ஓவராலை வாஷிங் மெஷினில் போட விடுவதில்லையாம். நீயே வாளியில் ஊறவைத்து, ராத்திரி பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து கசக்குகிறாயாம். இரண்டு தண்ணீர், மூன்று தண்ணீர் மாற்றுகிறாயாம். அது எதற்கு என்று அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நானும் சொல்லவில்லை.

நீ விமானப்படையிலிருந்து எல்லைப் பாதுகாப்புப் படைக்கு டெபுடேஷனில் ஹெலிகாப்டர் ஓட்ட ராஞ்சி போகிறேன் என்றபோது, எல்லையே இல்லாத ஊரில் எல்லைப் படைக்கு என்ன வேலை என்று கேட்டேன். சாரண்டா காட்டில் கண்ணிவெடியில் அடிபடுகிற போலீஸ்காரர்களைத் தூக்கி வருவது என்றாய். அன்றைக்கு முற்றத்தில் விளக்குமாற்றுக் குச்சியால் படம் போட்டுக் காட்டினாய். வெயில் ஏற ஏறக் காற்று லேசாகிவிடும், அதே ஹெலிகாப்டர் அதே எடையைத் தூக்காது, ஆளைக் குறைக்கணும் இல்லை எண்ணெயைக் குறைக்கணும் என்றாய். காய்ந்த பொட்டலில் இறங்கும்போது ஐந்து இறக்கையும் கிளப்பும் புழுதியில் தரையே மறைந்துவிடும், ஒரு கல்லையோ செடியையோ கண்ணில் பிடித்துக்கொண்டு அதை விடாமல் இறக்கணும் என்றாய். மொத்தம் 13 டன் என்றபோது எனக்குப் பெருமையாக இருந்தது, என் பஸ் எடைக்குப் பக்கத்தில் வருகிறதே என்று. 12 ஸ்ட்ரெச்சர் மாட்டலாம் என்றாய். அந்தக் கணக்கு மட்டும் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2011 அக்டோபரில் ராஞ்சி பக்கம் இதே படையின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்து மூன்று பேர் போனார்கள். டீக்கடைப் பேப்பரில் படித்தேன். அந்தத் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அம்மா கண்ணில் படக்கூடாது என்று பீரோவில் பத்திரக் கட்டுக்குள் செருகினேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது. நீ ஓட்டுவது துருவ் இல்லை, எம்ஐ-17, எனக்குத் தெரியும். ஆனாலும் ராஞ்சி என்று நீ சொன்னவுடன் அந்தத் தாள்தான் நினைவுக்கு வந்தது. உன்னிடம் "நல்லது, போய்ட்டு வா" என்றேன்.

உன்னால் இந்தத் தெருவில் எனக்குத் தனி மரியாதை. 2012இல் துண்டிகல் விமானப்படை அகாடமி மைதானத்தில் உன் நெஞ்சில் பைலட் சிறகு குத்தியபோது, என் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் பெரிய பெரிய அதிகாரிகள், நடுவில் டிரைவர் நான். அவ்வளவு தூரம் போனவனுக்கு அப்பாவிடம் பேச ஒரு வார்த்தை கிடைக்கவில்லையா?

சரி, விடு. தூங்காமல் மட்டும் ஏறாதே. மேலே இருந்து யார் கேட்டாலும், உடம்பு முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல். அங்கே அடிபட்டவன் கிடக்கிறான், முதல் ஒரு மணி நேரம்தான் உயிர் என்பாய். உன்னோடு இன்னொரு பைலட்டும் இன்ஜினியரும் இருக்கிறார்களே, அவர்களுக்கும் வீடு இருக்கிறது. எனக்கு ஒரு தடவை அப்படி முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, தம்பி.

2003 மாசி. நீ அமராவதிநகர் சைனிக் பள்ளியில் எட்டாவது. குமுளி போய்த் திரும்பிய பகல் டூட்டி முடிந்து ஆரப்பாளையத்தில் இறங்குகிறேன். மாற்று டிரைவர் வரவில்லை. டைம்கீப்பர் "ஏறுறியாண்ணே?" என்றுதான் கேட்டார், ஏறு என்று சொல்லவில்லை. ஏறினேன். ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது, அதை உன் தலையில் போடவில்லை. முடியாது என்றால் வயசாகிவிட்டது என்பார்களோ என்ற நினைப்பும் இருந்தது. விடியற்காலை, ஆண்டிப்பட்டி கணவாய் இறக்கம். கண் மூடியது எனக்குத் தெரியாது. பால் கேன் தார் ரோட்டில் உருளுகிற சத்தத்தில்தான் முழித்தேன். சைக்கிளில் வந்தவர் பிழைத்தார், வலது கால் போய்விட்டது.

பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டிலும் அதையே சொன்னேன், உனக்கும் அதையேதான். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு முந்தின நாள் அதைப் பார்த்துவிட்டது உன் மேலக்கால் சித்தப்பா, ஃபிட்டர். உனக்குப் பனங்கிழங்கு கொண்டுவருவாரே, அவர். அவருக்கு இன்கிரிமென்ட் போச்சு, மாற்றலும் வந்தது. திடீரென்று ஏன் சித்தப்பா வருவதில்லை என்று லீவில் வந்து கேட்டாய். வேலை அதிகம் என்றேன். இன்றைக்கும் சந்தையில் எதிரே வந்தால் "நல்லாருக்கியாண்ணே" என்கிறார். அவருக்குத் தெரியும். அவர் பார்த்த பிரேக் அல்லவா.

இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. உன் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. வாளியில் நீ துணி கசக்குவதைக் கேட்ட அன்றிலிருந்து எனக்கும் தூக்கம் இல்லை. அந்த விடியற்காலை என் காக்கிச் சட்டையை நானும் கிணற்றடியில் இப்படித்தான் அலசினேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மேலக்கால் போகிறேன். என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பால்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும்.

அம்மா பருப்புப்பொடியும் சீடையும் கொடுத்திருக்கிறாள், தனிப் பார்சலாக வரும். பேத்திக்குச் சீடை ஊறவைத்துக் கொடுக்கச் சொல், பல் விழுந்திருக்கிறதாமே.

போன் பண்ணு. ராத்திரி எந்நேரம் ஆனாலும் பரவாயில்லை, முழித்துத்தான் இருப்பேன். பேச முடியாவிட்டால் பேசாமல் இரு, நான் லைனை வைக்க மாட்டேன்.

அப்பா