ஓவியப் போட்டிக்கு லேயர் கோப்பினையும் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பிக்கிறேன். மாணவர் ஓவியப் போட்டி அறிவித்தல்களில் 'கணினியில் வரைந்தவை ஏற்கப்படமாட்டா' என்ற வரியை இப்போது அடிக்கடி காண்கிறேன். செயற்கை நுண்ணறிவு போட்டுத்தரும் படங்கள் உள்ளே வந்துவிடும் என்ற பயம்தான் காரணம் என்று விளங்குகிறது. பயம் நியாயமானதுதான். ஆனால் அதற்காக, கையால் வரைந்து கணினியில் நிறம் தீட்டும் பிள்ளையையும் சேர்த்து வெளியே நிறுத்துவது சரியில்லை. இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது: அந்தப் படத்தின் லேயர் கோப்பை, அதாவது அடுக்கடுக்காகத் தீட்டியவை தனித்தனியாகவே இருக்கும் கணினிக் கோப்பை, திறந்து பாருங்கள்.

தரம் 9 இல் படிக்கும் என் மாணவி ஒருத்தி, பிரட்றிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களை வரைந்தாள். கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த மான்கள். பென்சிலால் தாளில் வரைந்து, கைப்பேசியில் படமெடுத்து, கிரிட்டா என்ற இலவச மென்பொருளில் திறந்தாள். அப்புறம் அவள் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கணினி தானாக நிறமடித்துவிடும் என்று நம்புகிறவர்கள் நடுவர்களிலும் இருக்கிறார்கள்.

லேயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் மாதிரி. ஒன்றில் தீட்டுவது மற்றதைத் தொடாது. 1994 இல் போட்டோஷொப்பின் மூன்றாம் பதிப்போடு வந்த இந்த வசதி இன்று இலவச மென்பொருள்களிலும் கிடைக்கிறது. பென்சில் கோடுகள் உள்ள லேயரை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, அதன் கலப்பு முறையை 'மல்டிப்ளை' என்று மாற்றினாள். அந்த முறையில் மேல் நிறமும் கீழ் நிறமும் பெருக்கப்படுகின்றன. வெள்ளையின் மதிப்பு 1 என்பதால் அதனால் பெருக்கினாலும் கீழேயுள்ள நிறம் மாறாது. தாள் மறைந்து கோடு மட்டும் தெரியும். கைப்பேசிப் படத்தில் தாள் பெரும்பாலும் சாம்பலாகத்தான் விழும். அதை 'லெவல்ஸ்' என்ற வெளிச்சம் சரிசெய்யும் கருவி கொண்டு முதலில் வெளுக்காவிட்டால், கீழே தீட்டும் நிறமெல்லாம் அழுக்குப் படிந்ததுபோல் மங்கிவிடும். இதை அவள் பொறுமையாகச் செய்தாள்.

கோடுகளுக்குக் கீழே வானமும் கடலும் ஒரு லேயர், பாறை ஒன்று, மானின் உடல் ஒன்று. உடலுக்கு மேலே வெள்ளைப் புள்ளிகளுக்குத் தனி லேயர், நிழலுக்கு இன்னொன்று. மானுக்குரிய மூன்றையும் ஒரே குழுவில் போட்டு, புள்ளிக்கும் நிழலுக்கும் 'இன்ஹெரிட் அல்பா'வை இயக்கிவிட்டால், தூரிகை எவ்வளவு தாராளமாக ஓடினாலும் நிறம் உடலின் விளிம்பைத் தாண்டாது. இவ்வளவுதான் மென்பொருள் செய்யும் உதவி. நிழல் எந்தப் பக்கம் விழும், எவ்வளவு நீலம் கலக்க வேண்டும் என்பதை அது சொல்லித் தராது. முதலில் கிழக்கே கடலிலிருந்து காலை வெயில் வருவதாகத் தீட்டியிருந்தாள். பிறகு மாலை நேரம்தான் வேண்டுமென்று நிழல் லேயரை அழித்துவிட்டு, வெளிச்சம் நகரப் பக்கத்திலிருந்து வருவதாக முழுவதையும் மறுபடி தீட்டினாள். இந்தத் துணிவு கடதாசியில் நீர்வர்ணம் தீட்டும் பிள்ளைக்கு வருவது கடினம். அதற்காகவே இந்த முறையை நான் விரும்பிக் கற்பிக்கிறேன்.

அவள் படத்தைப் போட்டியொன்றில் திறந்துகூடப் பார்க்காமல் ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு அது பெரிய மனவருத்தம்.

படத்தை ஜேபெக் என்ற வழக்கமான படக் கோப்பாகச் சேமித்தால் எல்லா லேயரும் ஒன்றாகிவிடும். அதில் யார் வரைந்தது என்று சொல்ல முடியாது. கிரிட்டாவின் சொந்தக் கோப்பில் லேயர்கள் அப்படியே இருக்கும். பக்கத்திலுள்ள கண் அடையாளத்தை அழுத்தி ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே வந்தால், அழித்து வரைந்த பென்சில் தடமும் விளிம்பில் விட்டுப்போன இடைவெளியும் தெரியும். செயற்கை நுண்ணறிவு தரும் படம் பொதுவாக ஒற்றைத் தட்டையான படமாகவே வருகிறது. அதைப் பிறகு பிரித்து ஏமாற்ற நினைப்பவர் இருக்கலாம். சந்தேகம் வந்தால் பென்சில் மூலத்தைக் கேளுங்கள், பிள்ளையையும் அழைத்து, இந்த லேயர் எதற்கு என்று கேளுங்கள். வரைந்த பிள்ளை தயங்காமல் சொல்லும்.

உங்கள் சிறுவர் பக்கத்திலிருந்தே இதைத் தொடங்கலாம். போட்டி விதிகளில், கணினியில் நிறம் தீட்டியவர்கள் ஜேபெக்குடன் லேயர் கோப்பையும் பென்சில் மூலத்தின் படத்தையும் அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். அளவையும் குறிப்பிட்டுவிடுங்கள். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏ4 தாள் 2480க்கு 3508 பிக்சல். ஒரு லேயருக்கே ஏறத்தாழ 35 எம்பி நினைவகம் போகும், பழைய கணினிகள் திணறும். 150 டிபிஐ போதும் என்றால் அது காற்பங்காகக் குறையும். பத்திரிகையில் படத்தைப் பாதியளவாகச் சுருக்கித்தான் போடுவீர்கள் என்றால் அச்சிலும் தெளிவு குறையாது. ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது என்பதால், பெரிய கோப்புகளை கூகுள் டிரைவ் இணைப்பாகப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சித்திர ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.