35 பில்லே ஜாஸ்திதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

கலிஃபோர்னியா சட்டசபைல ஒரு மெம்பர் ரெண்டு வருஷ செஷனுக்கு 35 பில்லுக்கு (சட்ட மசோதாவுக்கு) மேல கொண்டு வரக்கூடாதுன்னு லிமிட்டை குறைச்சது மக்கள் குரலை அடக்குற வேலைன்னு போன இதழ்ல ஒரு வாசகர் எழுதியிருந்தார், எனக்கு அதுல சுத்தமா உடன்பாடு இல்லைங்க. முன்னாடி கீழவையான அசெம்ப்ளில ஆளுக்கு 50, மேலவையான செனட்ல 40. இப்பவும் ரெண்டு அவையும் சேர்த்து 120 பேர் ஆளுக்கு 35ன்னா 4200 வரைக்கும் போகலாம், இத்தனையையும் யாரு உக்காந்து படிக்கிறது?

மக்கள் குரல் அடங்குறது, பில்லைப் பத்தி கமிட்டி பொதுமக்கள் கருத்தைக் கேக்குற ஹியரிங்லதான். பெரும்பாலும் ஒரு தரப்புக்கு ரெண்டு சாட்சி, ஆளுக்கு ரெண்டு நிமிஷம், அவ்ளோதான், மத்தவங்க எல்லாம் வரிசைல வந்து மைக்ல பேரு, ஊரு, ஆதரவா எதிர்ப்பான்னு மட்டும் சொல்லிட்டு நகர்ந்துடணும். 2023ல சாதிப் பாகுபாட்டை தடுக்குற எஸ்.பி. 403ங்கிற செனட் பில் வந்தப்ப நம்மாளுங்க ரெண்டு பக்கமும் தலைநகர் சாக்ரமெண்டோ போய் நின்னாங்க, சொந்த வாழ்க்கைல பட்டதை சொல்லணும்னு வந்தவங்களுக்கும் அந்த ஒரு வரிதான். அடுத்தடுத்து பில் காத்துக்கிட்டு இருந்தா கமிட்டிதான் என்ன பண்ணும்?

அதை தாண்டினா செலவு கணக்கைப் பாக்குற அப்ரோப்ரியேஷன்ஸ் கமிட்டியோட சஸ்பென்ஸ் ஃபைல், அதாவது செலவு அதிகமாகுற பில்லை நிறுத்தி வெக்கிற பட்டியல். நூத்துக்கணக்கான பில்லை ஒரே நாள்ல நம்பர் வாசிச்சு பாஸ், ஹோல்டுன்னு முடிச்சுடுவாங்க, ஏன் நிறுத்தினாங்கன்னு விளக்கமே கிடையாது. இதெல்லாம் தாண்டியும் 2023ல கவர்னர் நியூசம் டேபிளுக்கு ஆயிரத்துக்கு மேல வந்து சேர்ந்துச்சு, 156ஐ வீட்டோ பண்ணார், 403ம் அதுல ஒண்ணு, இருக்குற சட்டமே சாதிப் பாகுபாட்டை தடுக்குதுன்னு காரணம் சொன்னார். இந்தக் கேள்வியை முதல் கமிட்டிலயே நிதானமா பேசி முடிச்சிருக்க வேண்டாமா?

லிமிட் வெச்சா, கம்பெனிங்க, அமைப்புங்களுக்காக மெம்பர்கள்கிட்ட ஆதரவு தேடுற லாபியிஸ்டுங்க பில்லுக்குத்தான் முதல் இடம், சின்ன ஊர் பிரச்சனை அடிபட்டுப் போகும்னு அந்த வாசகர் சொன்னது நியாயமான கவலை. ஆனா லிமிட் தாராளமா இருந்தப்பவும் அவங்கதானே பில்லை எழுதியே குடுத்துட்டு இருந்தாங்க. கொலராடோல ஆளுக்கு வருஷத்துக்கு பொதுவா அஞ்சு பில்தான், செஷனும் 120 நாள்தான், அங்க மெம்பர் எதை எடுக்குறார் எதை விடுறார்னு தொகுதிக்காரங்க பாத்து கேள்வி கேக்கலாம்.

என்னைக் கேட்டா இங்க 20 போதும். அதோட பில் தாக்கல் பண்ண பிப்ரவரில வர்ற கெடுவுக்குள்ள பில் நம்பர் வாங்குறதுக்காகவே உள்ள ஒண்ணுமில்லாம போட்டு வெச்சு அப்புறமா வேற விஷயத்தை நுழைக்கிற ஸ்பாட் பில்லை அடியோட நிறுத்தணும், மிச்சமாகுற நேரத்துல மைக் முன்னாடி வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒரு நிமிஷமாவது குடுக்கணும்.

இப்படிக்கு,
ஃப்ரீமாண்ட் வாசகர்