ஹைதராபாத்தா, கோயம்புத்தூரா

கண்ணு,

போனில் சொன்னால் "ஆனா அம்மா" என்று குறுக்கே புகுந்துவிடுவாய். அதனால்தான் கடிதம். இரண்டு வேலையையும் ஒப்பிட்டு நீ அனுப்பிய எக்செல் கணக்கைப் பார்த்தேன். சம்பளம், வாடகை, மேனேஜர் குணம், ஊர் வெயில் வரைக்கும் மார்க் போட்டிருக்கிறாய். மார்க் ஒரு பக்கம் சாயும்போதெல்லாம் கீழே புதிதாக ஒரு வரி முளைத்திருக்கிறது.

இங்கே நாகலூர் காபித் தோட்டத்தில் பழம் எடுப்பு நடக்கிறது. போன வாரம் ஓர் அரபிகா செடியில் தண்டு வளையம் வளையமாக மேடு தட்டி, இலை மஞ்சளித்திருந்தது. வெள்ளைத் தண்டு துளைப்பான் வண்டுதான். ஆனால் கிளை கொள்ளாத காய். "இந்த எடுப்பு முடியட்டும்மா" என்றார்கள் வேலைக்கு வந்தவர்கள். நான் அன்றைக்கே பிடுங்கி எரிக்கச் சொல்லிவிட்டேன். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அந்த வண்டு தண்டைவிட்டு வெளியே வரும் காலம். வந்தால் பக்கத்துச் செடிகளில் போய் முட்டையிடும். ஒரு மாதம் காத்திருந்தால் எனக்குப் புதிதாக என்ன தெரிந்துவிடப் போகிறது?

பழமும் அப்படித்தான். எடுத்த அன்றே தோல் உரிக்கும் பல்பரில் போடாவிட்டால் சாக்கிலேயே புளித்துப்போகும்.

ஆனால் மேல்காட்டில் பழைய செடிகளை எடுத்துவிட்டுப் புதிதாக நடுவதை நானே தள்ளிப்போட்டுக்கொண்டுதான் வருகிறேன். அரபிகா காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருஷம் ஆகும். பக்கத்துத் தோட்டத்தில் சந்திரகிரி ரகம் நட்டிருக்கிறார்கள். அது நம் மண்ணில் எப்படி நிற்கிறது என்று ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிறது. அங்கே காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. உங்கப்பா தினமும் நியூயார்க் காபி விலை பார்ப்பதை இதில் சேர்க்காதே, அது பொழுதுபோக்கு.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியல் எடுத்த நாட்களில், பாடத்தில் இல்லாவிட்டாலும் ஹெர்பர்ட் சைமனைப் பற்றிச் சொல்வேன். 1978இல் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கியவர். எல்லா வழியையும் அளந்து பார்த்து ஆகச் சிறந்ததை எடுக்க மனுஷருக்கு நேரமும் கிடையாது, மூளையும் போதாது. இவ்வளவு இருந்தால் போதும் என்று ஓர் அளவு வைத்துக்கொண்டு, அதை எட்டியதை எடுத்துக்கொள்கிறார்கள் என்றார். உன் இரண்டு வேலையுமே அந்த அளவைத் தாண்டியவை. கிட்டத்தட்ட சமமாக இருப்பதால்தானே உனக்குத் தூக்கம் கெடுகிறது? சமமென்றால் எதை எடுத்தாலும் நஷ்டம் கொஞ்சம்தான். பிடிக்காவிட்டால் ஒரு வருஷத்தில் வேறு வேலை பார்க்கலாம்.

இன்னும் தெரியாதது என்று நீ சொன்னதில் ஒன்றுதான் உருப்படி: ஹைதராபாத்தில் இரவு ஷிஃப்ட் உண்டா, இல்லையா. நாளைக்கே கேட்டுவிடு. மற்றதெல்லாம் எந்த சிநேகிதியைக் கேட்டாலும் தெரியப் போவதில்லை. உங்கப்பாவையும் கேட்காதே, கோயம்புத்தூர் என்றுதான் சொல்வார், பஸ் ஏறினால் வந்துவிடலாம் என்று அவருக்கு.

பதில் வந்த அன்றைக்கு ராத்திரியே ஒருவருக்குச் சரி என்றும் இன்னொருவருக்கு வேண்டாம் என்றும் எழுதிவிடு. வேண்டாம் என்பதைத்தான் தள்ளிப்போடுவாய், அதனால் முடிவு செய்த கையோடு அதை முதலில் அனுப்பு. அப்புறம் எனக்குப் போன் செய். ஊர் பெயர் போதும், காரணம் வேண்டாம். காபிப்பொடி பார்சலுக்கு விலாசம் எழுத வேண்டும்.

அம்மா