நல்லூரில் கதிரை தந்த தங்கச்சிக்கு

நல்லூர்க் கந்தன் தேரண்டு பின்னேரம் றியோ ஐஸ்கிறீம் கடையில அம்மாவுக்குத் தலை சுத்தினபோது, உங்கட ஐஸ்கிறீமையும் விட்டிட்டு எழும்பிக் கதிரை தந்தீங்கள். தண்ணி வாங்கி வந்து, விசிறி, ஓட்டோவும் பிடிச்சுத் தந்தீங்கள். அந்தச் சனத்துக்குள்ள பேர் கேக்க முடியேல்லை. கோடி நன்றி.

அம்மாவை வேண்டாமெண்டு மறிக்கவும் ஏலாது. 25 நாள் திருவிழாவில ஒருநாளாவது ஐஸ்கிறீம் குடிக்காட்டி (ஓம், நாங்கள் குடிக்கிறதுதான்) அவவுக்குக் கும்பிட்டது கணக்கில்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில சண்டையால கரண்ட் இல்லை, பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய்க்கே வரிசை. அந்த வருசங்களில எங்கட வீட்டில ஐஸ்கிறீம் வெறும் கதைதான். 2002இல யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை திறந்தாப்பிறகு கொழும்பிலயும் வெளிநாட்டிலயும் இருந்து வந்த சொந்தமெல்லாம் முதலில கேட்டது நல்லூர் ஐஸ்கிறீம். 2006இல பாதை திரும்பப் பூட்டி, 2009இல திறந்தது. இப்ப திருவிழாக் காலத்தில கதிரை கிடைக்கிறதே பெரும்பாடு. அதை நீங்கள் தந்தீங்கள்.

அம்மா இப்ப சுகம். விரதமெண்டு காலமை பிரஷர் குளிசை போடேல்லையாம், வீட்டுக்கு வந்துதான் சொன்னவ. உங்கட ஸ்பெஷல் உருகிப் போயிருக்கும். இதைக் கண்டால் சொல்லுங்கோ, புதுசு ஒண்டு எங்கட கணக்கில.