ஒரு தாத்தாவுக்கு மூன்று பேர்

அன்பு மாப்ளே,

நலம். நீயும் வீட்டிலும் நலம்தானே? அக்காவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததாகத் தாடி சொன்னான். நான் விசாரித்ததாகச் சொல். நீ அனுப்பிய புத்தகக் கட்டு வந்தது, இன்னும் பிரிக்கவில்லை. சாயங்காலமெல்லாம் ஒத்திகையில் போய்விடுகிறது. நேற்று அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. அதனால் மற்ற விஷயங்கள் அடுத்த கடிதத்தில்.

எங்கள் குழுப் பிள்ளைகள் பொம்மலாட்டம் போடப்போகிறார்கள். பதின்மூன்றிலிருந்து பதினேழு வயது வரை. இந்த முறை தொழில்முறைப் பொம்மலாட்டக் கலைஞர் ஒருவர் வந்து அவர்களோடு சேர்ந்து ஓர் அரைமணி நேர ஆட்டத்தை உருவாக்குகிறார். முதல் நாளே, "என்ன கதைன்னு எனக்கும் தெரியாது, சேர்ந்து கண்டுபிடிப்போம்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இப்படிச் சொன்னவர்கள் எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம்! முதல் வாரம் "உங்க நாடகம்" என்பார்கள், கடைசி வாரம் பிள்ளைகள் வெறும் கை காலாகிவிடுவார்கள். நம்முடைய அந்த 'மூன்றாவது மணி' நாடக விவகாரம் நினைவிருக்கிறதா? நீ மேடைக்குப் பின்னால் நின்று போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆனால் இந்த மனிதர் பொம்மை எதையும் கொண்டுவரவில்லை. பழுப்புக் காகிதச் சுருள் ஒன்றும் ஒட்டுநாடாவும் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு பெரிய தாளைக் கொடுத்துக் கசக்கச் சொன்னார். நன்றாகக் கசங்கிய பிறகு அதை முறுக்கித் தலை, கழுத்து, உடம்பு, கை, கால். முழங்கையும் முட்டியும் வர வேண்டிய இடத்தில் இறுக்கி நாடா. முகமே கிடையாது. மேஜை மேல் அதைப் படுக்க வைத்து, "இப்ப இது மூச்சு விடட்டும்" என்றார். நெஞ்சை மெல்ல ஒரு விரல் உயரம் தூக்கி இறக்கினார், அவ்வளவுதான். சலசலத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் வாயை மூடிவிட்டார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது, மாப்ளே. காகிதம் என்று தெரியும். ஆனாலும் அது தூங்குகிறது என்றுதான் மனசு சொல்கிறது.

இப்போது ஆட்டத்துக்கென்று செய்திருப்பது ஒரு தாத்தா. இரண்டடி உயரம், ஸ்பஞ்சைச் செதுக்கிய தலை, உள்ளே மரக்கட்டை மூட்டுகள். அவரை ஆட்ட மூன்று பேர் வேண்டும். ஒருத்தி தலையும் வலது கையும். ஒருவன் இடது கையும் இடுப்பும். இன்னொருவன் கால்கள். பிள்ளைகள் தங்களுக்குள் பெயரையே விட்டுவிட்டு 'தலை', 'இடக்கை', 'கால்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். நானும் உனக்கு அப்படியே எழுதுகிறேன்.

மூன்று பேர் ஓர் உடம்பை ஆட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். தாத்தா நாற்காலியிலிருந்து எழ வேண்டும். நாம் எழும்போது என்ன செய்கிறோம்? முதலில் முன்னால் சாய்கிறோம், பாரம் பாதத்துக்குப் போகிறது, பிறகுதான் இடுப்பு கிளம்புகிறது. தலை அவசரப்பட்டால் தாத்தா ராக்கெட் மாதிரிப் பறக்கிறார். கால் தரையை விட்டு ஒரு நூல் தூக்கினாலும் போச்சு, கனமே இல்லாத ஆளாகிவிடுகிறார். "ஒண்ணு ரெண்டு மூணு" என்று எண்ணவும் கலைஞர் விடுவதில்லை. பொம்மையின் மூச்சுதான் சைகை. தலை மூச்சை இழுத்தால் மற்ற இருவரும் அதே நேரத்தில் இழுக்க வேண்டும், அந்த மூச்சிலேயே அசைவு கிளம்ப வேண்டும். ஒருவரை ஒருவர் பார்க்கவும் கூடாது. மூவரின் கண்ணும் பொம்மையின் மேலேயே இருந்தால்தான் பார்வையாளரின் கண்ணும் அங்கே போகும். எந்நேரமும் ஒருவர் வாயை ஒருவர் பிடுங்கிக்கொண்டிருந்த தலையும் இடக்கையும் இப்போது ஒரே மூச்சில் நிற்கிறார்கள். இதை எந்த உபதேசத்தால் செய்திருக்க முடியும் சொல்!

ஜப்பானில் புன்ராகு என்ற பொம்மலாட்டம் இருக்கிறதல்லவா, அதிலிருந்து வந்த முறை இது. அங்கே 1734-லிருந்தே ஒரு பொம்மைக்கு மூன்று பேர். காலுக்குப் பத்து வருஷம், இடது கைக்குப் பத்து வருஷம், அப்புறம்தான் தலையைத் தொடலாம் என்று ஒரு கணக்கே சொல்வார்கள். பெண் பொம்மைகளுக்குப் பெரும்பாலும் காலே கிடையாதாம். கால் ஆட்டுகிறவர் கிமோனோவின் கீழ் விளிம்பைப் பிடித்து அசைத்தே நடையைக் காட்டிவிடுவார். இதைக் கேட்டதும் நம் கால் பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கடைசி ஆளாய் மேஜைக்குக் கீழே குனிந்து கிடக்கிறோமே என்று வாடிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்துவிட்டான்.

நம் பொம்மலாட்டத்தைப் பற்றியும் அவர் சொன்னார். கயிறெல்லாம் ஓர் இரும்பு வளையத்தில் கட்டியிருக்கும், ஆட்டுகிறவர் அந்த வளையத்தைக் கிரீடம் மாதிரித் தலையில் சுமந்துகொண்டு, கையில் கம்பிகளைப் பிடித்துப் பொம்மையின் கைகளை ஆட்டுவார். சில பொம்மைகள் நாலரை அடி, பத்துக் கிலோ கனம். கழுத்தால் சுமந்து, கையால் பேசவைத்து, காலால் தாளமும் போட்டு ஆடினவர்கள்! அப்புறம் 2021-ல் துருக்கியிலிருந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் வரை 8,000 கிலோமீட்டர் நடந்த 'லிட்டில் அமல்'. மூன்றரை மீட்டர் உயர அகதிச் சிறுமிப் பொம்மை. உள்ளே ஒருவர் பொய்க்காலில் நின்று நடக்க, வெளியே இருவர் கைகளை ஆட்டுகிறார்கள். அந்தக் காணொலியைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். தெருவில் நிற்கிற பெரியவர்கள் அவளை அண்ணாந்து பார்த்துப் பேச்சுக் கொடுக்கிறார்கள். "அவங்களுக்கு அது பொம்மைன்னு தெரியும்ல?" என்று இடக்கை கேட்டான். "தெரியும்" என்றார் அவர். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். பணம் தருகிறவர்களுக்கு 'நல்ல கருத்து' வேண்டும், அதாவது செல்போன் கெடுதல். பிள்ளைகள் ஒரே குரலில் மாட்டோம் என்றார்கள். "எங்களைப் பத்தி நாடகம்னாலே ஏன் எப்பவும் எங்களைத் திட்டுற நாடகமா இருக்கு?" என்று தலை கேட்டாள். பதினாறு வயது. எனக்கு எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது. கடைசியில் அவர்களே பிடித்த கதை இது: ஒரு தாத்தா வெளியே கிளம்ப ஷூ போடுகிறார். எங்கே போகப்போகிறோம் என்பது மறந்துவிடுகிறது. அவ்வளவுதான். வசனம் கிடையாது. ஷூ லேஸ் கட்டுவது மட்டுமே நாலு நிமிஷம் போகிறது. இருவர் கையிலிருக்கும் இரண்டு கைகள் ஒரு முடிச்சுப் போடுவதை நீ பார்க்க வேண்டும், மூச்சே விடமாட்டாய்.

இனிமேல்தான் என்னை வாட்டின விஷயம். ஆட்ட நாள் நெருங்க நெருங்கக் கலைஞர் திருத்த ஆரம்பித்தார். இங்கே வேகம் போதாது, அங்கே திரும்பு, இதை வெட்டு. ஒவ்வொன்றும் சரியாகவே இருந்தது. அதுதான் எனக்குப் பயம். தப்பாகச் சொன்னால் எதிர்க்கலாம். சரியாகச் சொல்கிறவரை யார் எதிர்ப்பது? ஒத்திகை சுத்தமாகிக்கொண்டே வந்தது, பிள்ளைகள் பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. "இப்படிப் பண்ணலாமா?" என்று துள்ளிக்கொண்டிருந்தவர்கள் "இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். உனக்கு அந்தத் தொனி தெரியும்.

நேற்று முடிவில் கை வைத்தார். பிள்ளைகள் வைத்த முடிவில் தாத்தா கிளம்புவதில்லை. ஷூவோடு உட்கார்ந்தே இருக்கிறார், ஒரு பாதம் மட்டும் லேசாக எழுந்து தரையைத் தட்டுகிறது. "ஐந்தாவது வரிசைக்கு இது தெரியாது. எழுந்து கதவு வரைக்கும் நடக்கட்டும், அங்கே நின்னு திரும்பிப் பார்க்கட்டும்" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. மேஜைக்குக் கீழிருந்து கால் எழுந்தான். பதினாலு வயசுப் பையன், வந்ததிலிருந்து பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். "போகமாட்டார் சார்" என்றான். "எங்க தாத்தா போகலை. தினம் சாயங்காலம் ஷூ போட்டு உட்கார்ந்திருப்பார். போகலை."

நான் வாயைத் திறக்கவே இல்லை. அந்த மனிதர் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வந்து, மேஜைக்குக் கீழே தானே குனிந்து, தாத்தாவின் கால்களைக் கையில் எடுத்துக்கொண்டார். "நீ ஐந்தாவது வரிசைக்குப் போ. எனக்குச் சொல்லு" என்றார்.

பையன் போய் உட்கார்ந்தான். அவர் பாதத்தைத் தட்டினார். "தெரியலை சார்" என்றான். அதை ஒத்துக்கொள்ளும் நேர்மை அவனுக்கு இருந்தது, பார்த்தாயா! பெரிதாகத் தட்டினார். "இப்ப தெரியுது, ஆனா கோபமா தட்டுற மாதிரி இருக்கு." நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பச் சொன்னான். கைகளை அசையாமல் வைக்கச் சொன்னான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அக்கா, முதல்ல தலை காலைப் பார்க்கட்டும். அவர் பார்த்தாத்தான் நாமளும் பார்ப்போம்" என்றான். தலை குனிந்தது. மூச்சு நின்றது. எல்லாம் அசையாமல் இருக்க, அந்தச் சின்னப் பாதம் எழுந்து ஒருமுறை தட்டியது.

மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து எனக்குத் தெரிந்தது, மாப்ளே. அவர் மேஜைக்குக் கீழிருந்து எழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "அதுதான்" என்றார். அதற்குப் பிறகு ஒத்திகை முடியும் வரை ஒரு திருத்தமும் அவர் வாயிலிருந்து வரவில்லை. பிள்ளைகள் ஆளுக்கு ஆள் ஐந்தாவது வரிசைக்கு ஓடினார்கள்.

ராத்திரி முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். "ஐந்தாவது வரிசைக்குத் தெரியாது" என்று அவர் சொல்லாமல் விட்டிருந்தால், பிள்ளைகளின் மனசு நோகக்கூடாது என்று பாராட்டிவிட்டுப் போயிருந்தால், அந்தப் பாதம் கடைசி வரை யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். கறாரான கண் அவர்களுக்குத் தேவைதான். பெரியவர்கள் விலகி நின்றால் போதும் என்று நீயும் நானும் அந்தக் காலத்தில் கத்தினோமே, அது பாதிதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. விலகவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம், கீழே போய்க் காலைப் பிடிக்க வேண்டும். எத்தனை பேர் பிடிப்பார்கள்?

சண்டை இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அழைப்பிதழ். 'இயக்கம்' என்று அவர் பெயர் பெரிதாக, கீழே 'பங்கேற்பு: மாணவர்கள்' என்று அச்சுக்குப் போகத் தயாராக இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தான் ஆட்டுகிற உறுப்போடு வர வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்கிறேன். கலைஞருக்கும் சம்மதம், 'உருவாக்கம்' என்று எல்லாப் பெயரையும் ஒன்றாகப் போடுங்கள், தன் பெயரும் அதற்குள்ளேயே இருக்கட்டும் என்கிறார். இடம் இல்லை என்கிறார்கள் அச்சுக்குக் கொடுப்பவர்கள். வாழ்த்துரைக்கு அரைப்பக்கம் இருக்கிறது! இந்த மாதிரிச் சமயத்தில் எப்படி எழுதினால் வேலை நடக்கும் என்று உனக்குத்தான் தெரியும். நாலு வரி எழுதி அனுப்பு. கோபம் வேண்டாம், உன் அந்தப் பழைய மரியாதைத் தமிழில்.

இன்னொன்று. பதிவுசெய்த இசை வேண்டாம் என்று பிள்ளைகள் தீர்மானித்துவிட்டார்கள். மூச்சோடு சேர்ந்து வருகிற மாதிரி யாராவது உடன் உட்கார்ந்து வாசிக்க வேண்டுமாம். உன் கடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஆனால் முடிவு அவர்களுடையது, முதலில் வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். இடக்கை கேள்விமேல் கேள்வி கேட்பான், பொறுமையாகப் பதில் சொல்லு. சனிக்கிழமை ஒத்திகை நாலு மணிக்கு. முழங்கால் வலி, மழை, மருமகன் வருகிறார் என்றெல்லாம் பழைய பாட்டைப் பாடாதே, நான் வந்து வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன். வருவாயா மாட்டாயா என்று வியாழனுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

உன்,
மாப்ளே