மாத்திரையின் பெயரும் ஒரு செய்திதான்

அன்புள்ள தங்கைக்கு,

சென்ற வியாழக்கிழமை மருத்துவமனைக் கட்டிலிலிருந்து நீ இன்ஸ்டாகிராமில் போட்ட காணொளியை மூன்று முறை பார்த்தேன். முதல் முறை உன் முகம் மட்டுமே தெரிந்தது. ஸ்டீராய்டால் கன்னம் உப்பியிருந்தும் கண்ணில் பழைய குறும்பு குறையவில்லை. இரண்டாம் முறைதான், உன் மணிக்கட்டில் கட்டிய பட்டையில் பெயர், வயது, நோயாளி எண் மூன்றையும் படிக்க முடிவதைக் கவனித்தேன். மூன்றாம் முறை, உனக்குப் பின்னால் அடுத்த கட்டிலில் படுத்திருந்த முதியவரும், அவர் கால்மாட்டில் தொங்கிய குறிப்பேடும் கண்ணில் பட்டன. அவரிடம் நீ கேட்டிருக்க மாட்டாய்.

உன்னைப் போலவே லூபஸோடு, உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் இந்த நோயோடு, 14 ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்துகிறவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். பேசாதே என்று நான் சொல்ல மாட்டேன். 2020 மார்ச்சில், கொரோனாவுக்கு மருந்தாகும் என்ற பேச்சு கிளம்பி, லூபஸுக்கு நாம் எடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை கடைகளில் கிடைக்காமல் போனபோது, எந்தக் கடையில் எத்தனை அட்டை மிச்சமிருக்கிறது என்று எனக்குச் சொன்னவர்கள் முகம் அறியாத நோயாளிகள்தாம். அவர்கள் தங்கள் நோயை வெளியே சொல்லியிராவிட்டால், அவர்கள் இருப்பதே எனக்குத் தெரிந்திராது.

ஆனால் நான் சுட்டுக்கொண்டதும் உனக்குத் தெரிய வேண்டும். நோய் உறுதியான முதல் ஆண்டில் லூபஸைக் கண்டறிய உதவும் ஏ.என்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையின் என் அறிக்கையை அப்படியே படமெடுத்து முகநூலில் போட்டேன். பாராட்டுகள் குவிந்தன. எட்டு மாதம் கழித்து, நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்கும் வரை வந்திருந்த என் கூடப்பிறந்தவளின் சம்பந்தம் நின்றுபோனது. "பெரியவளுக்கு ஏதோ இரத்த வியாதியாமே, வம்சத்தில் உண்டா?" என்று தரகர் மூலமாகக் கேட்டு அனுப்பினார்கள். லூபஸ் உள்ளவர்களின் உடன்பிறந்தாரில் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதில்லை என்று விளக்க எங்களுக்கு வாய்ப்பே தரவில்லை. கேட்டவர்களின் அறியாமை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் தாள் என்னுடையது மட்டுமே என்று நான் நினைத்தது என் பிழை. அவள் இன்றுவரை என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. அதுதான் அதிகம் உறுத்துகிறது.

சில செய்திகள் நாம் சொல்லாமலே வெளியேறிவிடுகின்றன. எதிர்ப்பாற்றலை அடக்கும் மைக்கோஃபீனோலேட் மாத்திரையைத் தொடங்கியதாக நீ எழுதியிருந்தாய். அது கருவைப் பாதிக்கும் என்பதால், அதை எடுக்கும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது என்றும், குழந்தை வேண்டுமென்றால் குறைந்தது 6 வாரம் முன்பே வேறு மருந்துக்கு மாற வேண்டும் என்றும் மருத்துவர்கள் சொல்வார்கள். இதை அறிந்த எவரும் உன் மாத்திரையின் பெயரைப் படித்த கணமே, உன் மாமியாரிடம்கூட நீ இன்னும் வாய்திறக்காத ஒன்றைப் படித்துவிடுவார். ஆய்வக அறிக்கையும் அப்படித்தான்: பெயரைக் கறுப்பு மையால் அழித்துவிட்டு மூலையிலுள்ள க்யூஆர் கட்டத்தை விட்டுவைத்தால், பல ஆய்வகங்களில் அதை ஸ்கேன் செய்ததும் முழு அறிக்கையும் திறந்துகொள்ளும்.

சட்டம் காக்கும் என்றும் இருந்துவிடாதே. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. சமூக ஊடகத்தில் தம் கருத்துகளை எழுதும் ஒரு பெண்ணையே அதற்கு எடுத்துக்காட்டாகவும் காட்டுகிறது. படித்தபோது என்னைப் பார்த்துத்தான் எழுதினார்களோ என்று தோன்றியது.

நான் இப்போது நடந்து முடிந்ததை மட்டுமே வெளியிடுகிறேன். ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசொலோனின் அளவு கூடிய இரவுகளில், விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கம் வராமல் உலகம் முழுவதையும் எழுப்பிப் பேசத் தோன்றும், உனக்கும் தோன்றியிருக்கும். அப்போது எழுதுகிறேன், ஆனால் வெளியிடுவதில்லை. வீடு திரும்பி, மாத்திரை குறைந்து, ஒழுங்காக நான்கு இரவு தூங்கிய பிறகு எடுத்துப் படித்தால், பாதிக்கு மேல் என் அம்மாவின் அழுகையாகவோ கணவரின் கடன் கணக்காகவோ இருக்கும். அவற்றை எடுத்துவிடுகிறேன். "குழந்தை எப்போது?" என்று யாராவது கேட்டால், "அதைப் பற்றி நான் இங்கே பேசுவதில்லை" என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள். மன்னிக்கவும் என்று தொடங்கினால் அடுத்து காரணம் கேட்பார்கள்.

இப்போதைக்கு அந்தக் காணொளியை எடுத்துவிட்டு, முதல் 11 விநாடிகளை வெட்டி மறுபடி போடு. அதன் பிறகு கேமரா சன்னல் பக்கம் திரும்பிவிடுகிறது. அங்கே ஒரு வேப்பமரமும் உன் குரலும் மட்டுமே இருக்கின்றன.

அன்புடன்,
உன் அக்கா